ஆறு மூங்கில், ஆறு பேர்: கலிங்கா மக்களோட தோங்காதோங்கை செஞ்சு, சுருதி சேர்த்து, வாசிக்க முழு வழிகாட்டி

பிலிப்பைன்ஸ்ல லுசோன் தீவோட வடக்குல கோர்டில்லேரா மலைப்பகுதி இருக்கு. அங்க கலிங்கா மாகாணத்து மக்கள் தரையில குத்தி வாசிக்கிற மூங்கில் குழாய்க்குத்தான் தோங்காதோங்னு பேர். அடியில கணு மூடியிருக்கும், மேல வாய் தொறந்திருக்கும், நேரா தூக்கி தரையில குத்தினா வாய் வழியா கும்முனு ஒரு சத்தம் வரும், ஒரு குழாய்க்கு ஒரு சுருதிதான். அதனால ஒரு ஆள் தனியா உக்காந்து இதுல எதையும் வாசிக்க முடியாது. ஆறு பேர் ஆறு நீளத்துல குழாய் வச்சுக்கிட்டு, ஒருத்தர் விட்ட இடைவெளியில இன்னொருத்தர் அடிச்சு, எல்லாம் சேர்ந்து பின்னினாதான் அது இசை.

புதுசா வர்றவங்க தடுமாறுறது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தை கடைசியா புரிஞ்சுக்கிறதாலதான். மூங்கில் வெட்டுறாங்க, சுருதி சேக்குறாங்க, அப்புறம் ஆள் தேடுறாங்க. அதனால நான் சொல்ற வரிசை கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், தயவுசெஞ்சு மாத்தாம அப்படியே பண்ணுங்க.

1. முதல்ல ஆறு பேர், அப்புறம்தான் மூங்கில்

வாரத்துக்கு ரெண்டு தடவையாவது ஒண்ணா உக்கார முடியுற ஆறு பேரை பிடிங்க. சங்கீதம் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல. சொல்லப்போனா ஏற்கனவே டிரம்ஸ் வாசிக்கிறவங்க ஆரம்பத்துல ரொம்ப கஷ்டப்படுவாங்க, ஏன்னா அவங்க கை எல்லா அடியையும் தானே அடிக்கப் பாக்கும், இங்க நாலு எண்ணிக்கைக்கு ஒரு அடி ரெண்டு அடிதான் ஒருத்தருக்கு.

மூங்கில் காயுற வரைக்கும் சில வாரம் சும்மா காத்திருக்கணும். அந்த நேரத்துல இந்த ஆறு பேரும் கைதட்டியே ஒன்பதாவது படியில சொல்ற பயிற்சியை முடிச்சிடலாம், ஆளை முதல்ல சேக்க சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

2. எதை வாசிக்கலாம், யாரைக் கேக்கணும்

தோங்காதோங் வெறும் பொழுதுபோக்கு வாத்தியம் கிடையாது. கலிங்கால புது வீட்டை ஆசீர்வதிக்கிற சடங்குலயும், நோயாளிக்காக ஆவிகளோட பேசுற சடங்குலயும் இதை வாசிச்சிருக்காங்க. அதனால ஏதோ ஒரு வீடியோல பாத்த சடங்கு வாசிப்பை அப்படியே காப்பி பண்ணி மேடையில வைக்காதீங்க. இந்த வழிகாட்டியில இருக்கிறதெல்லாம் அந்தப் பின்னல் முறையை கத்துக்க நான் பயன்படுத்துற பயிற்சிங்க, சடங்கு வாசிப்பு எதுவும் இதுல இல்ல.

ஊருக்குப் போய் கத்துக்கவோ ரெக்கார்ட் பண்ணவோ போறீங்கன்னா முதல்ல ஊர் பெரியவங்ககிட்ட அனுமதி கேளுங்க, எதுக்காக ரெக்கார்ட் பண்றீங்க, எங்க போடப் போறீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. பூர்வகுடி மக்களோட உரிமைக்குன்னே 1997ல பிலிப்பைன்ஸ்ல தனிச் சட்டம் வந்திருக்கு, அவங்க கலை, சடங்கு, அறிவை அவங்க முன்கூட்டி தர்ற சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாதுங்கிறது அதுலயே இருக்கு. இதை கடைசியா பாத்துக்கலாம்னு விட்டா, கஷ்டப்பட்டு எடுத்த ரெக்கார்டிங்கை வெளிய விட முடியாம வச்சுக்கிட்டு நிப்பீங்க.

கேட்டுப் பழக நல்ல இடம் வேணும்னா, ஹோசே மசேதாங்கிற பிலிப்பைன்ஸ் இசை ஆய்வாளர் பல வருஷமா கிராமம் கிராமமா போய் பதிவு பண்ணின தொகுப்பு பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தோட தில்லிமான் வளாகத்துல இருக்கு, 2007ல யுனெஸ்கோவோட உலக நினைவுப் பதிவேட்டுல சேர்ந்த தொகுப்பு அது. கலிங்கா இசை, நடனம்னு எடுத்துக்கிட்டா லுபுவாகன் ஊரைச் சேர்ந்த அலோன்சோ சக்லாக் பேரை கண்டிப்பா கேள்விப்படுவீங்க, 2000ல அரசாங்கம் அவருக்கு தேசிய வாழும் பொக்கிஷம்ங்கிற விருதைக் குடுத்துச்சு.

3. தேவையான சாமான்

நல்ல பல் இருக்கிற ரம்பம் (மரத்துக்குப் போடுற பெரிய பல் வேணாம், ஆக்ஸா பிளேடு மாதிரி பொடிப் பல்), கணுவைக் குத்தி உடைக்க ஒரு மீட்டர் நீளத்துக்கு இரும்புக் கம்பி, வட்ட அரம், உப்புத்தாள், அளக்கிறதுக்கு ஒரு நேரான மெல்லிசு குச்சி, டேப், போன்ல ஒரு டியூனர் ஆப். வாய்ப்பக்கம் சுத்த பிரம்பு நார், கிடைக்கலைன்னா நைலான் கயிறு. குத்துறதுக்கு ஒரு கனமான மரப்பலகை.

பெரிய பல் ரம்பம் வேணாம்னு சொல்றதுக்கு காரணம், மூங்கிலோட வெளித்தோல் நார் நாரா கிழிஞ்சு கீழ வரைக்கும் பிளவு ஓடிடும். ரம்பம் போடுற இடத்துல ஒரு சுத்து டேப் ஒட்டிட்டு அறுத்தா இன்னும் சுத்தமா வரும்.

4. மூங்கிலை தேர்ந்தெடுக்கிறது

வாத்தியத்துக்கு அங்க நிறைய பயன்படுறது பூஹோங்கிற மெல்லிசு சுவர் மூங்கில். சுவர் மெல்லிசா இருக்கிறதால சத்தம் நல்லா அதிரும், கணுவுக்கும் கணுவுக்கும் நடுவுல இடைவெளியும் அதிகம். முள்மூங்கில் மாதிரி தடிச்ச சுவர் இருக்கிறது வீடு கட்ட அருமையா இருக்கும், ஆனா குத்தினா டொக்குனு கட்டையை அடிச்ச சத்தம்தான் வரும்.

உள்பக்க விட்டம் ஆறு சென்டிமீட்டர் பக்கமா இருக்கிறதை எடுங்க, ஆறும் கிட்டத்தட்ட ஒரே பருமன்ல இருக்கட்டும். பருமன் ரொம்ப மாறினா சத்தத்தோட தன்மையே மாறிடும், ஒண்ணு மட்டும் தனியா கத்தும்.

இளம் மூங்கிலை தொடவே தொடாதீங்க. மூணு நாலு வருஷம் ஆன மூங்கில்தான் சரி. பளபளப்பான பச்சை போய் தோல் மங்கலாகி, அங்கங்க திட்டு திட்டா படிஞ்சிருக்கும், விரலால தட்டினா கணீர்னு இருக்கும். இளசு காயும்போது சுருங்கி வளையும், வண்டும் சீக்கிரம் விழும். அந்த மலையில நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் மழை கம்மி, அப்ப வெட்டின மூங்கில்ல ஈரமும் கம்மியா இருக்கும், பூச்சித் தொல்லையும் குறையும்.

5. முரட்டு வெட்டு: எப்பவும் நீளமா விடுங்க

இந்தப் படியில அளவுக்கு வெட்டவே கூடாது. வேணுங்கிற நீளத்தை விட மேல்பக்கம் அஞ்சு சென்டிமீட்டர் அதிகமா விட்டு வெட்டுங்க. பச்சை மூங்கில்ல சுருதி சேத்துட்டு காய வச்சா, காஞ்சதுக்கு அப்புறம் அந்த சுருதி அங்க இருக்காது.

அடிப்பக்கம் கணுவை ஒட்டி வெட்டாதீங்க. கணுவுக்குக் கீழ ஒண்ணரை சென்டிமீட்டர் மாதிரி ஒரு விளிம்பு விடுங்க. குத்தும்போது தரையில படுறது அந்த விளிம்பா இருக்கணும், ஏன்னா கணுவுக்குள்ள குறுக்க இருக்கிற தடுப்பு நேரடியா அடி வாங்கினா கொஞ்ச நாள்ல கீறல் விட்டுடும், கீறல் விட்டா காத்து கசியும், அப்புறம் சத்தம் செத்துப் போயிடும்.

நீளமான குழாய்க்கு நடுவுல ஒரு கணு வந்தா இரும்புக் கம்பியை வாய் வழியா விட்டு அந்தத் தடுப்பை உடைங்க. கடைசி கணுவை உடைச்சிடாம இருக்க, கம்பியில எந்த ஆழம் வரைக்கும் போகலாம்னு முன்னாடியே டேப் ஒட்டி அடையாளம் வச்சுக்கோங்க. உடைச்சா மட்டும் போதாது, ஓரத்துல ஒட்டிட்டு இருக்கிற மிச்சத்தையும் அரம் விட்டு தேய்ச்சு எடுங்க. வெளிய பாத்தா அழகா இருக்கும், குத்தினா சத்தமே வராது, என்னடான்னு டார்ச் அடிச்சு பாத்தா பாதி வட்டத்துக்கு தடுப்பு அப்படியே நிக்கும். புதுசா செய்றவங்க குழாய்ங்கள்ல நான் அடிக்கடி பாக்குற தப்பு இது.

6. காய வைக்கிறது

நிழல்ல, நிக்க வச்சு, காத்து நல்லா வர்ற இடத்துல, வாய் மேல பாக்க இருக்கட்டும். வெயில்ல போட்டா சீக்கிரம் காயும்தான், ஆனா வெளிப்பக்கம் ஒரு வேகத்துலயும் உள்பக்கம் ஒரு வேகத்துலயும் சுருங்கி நீளவாக்குல டப்புனு வெடிக்கும்.

பச்சை போய் வைக்கோல் நிறம் வந்து, கையில தூக்கும்போதே கனம் குறைஞ்சது தெரியுற வரைக்கும் விடுங்க. அவசரப்பட்டு நெருப்புல காட்டுறவங்க இருக்காங்க, அனுபவம் இருக்கிற கைக்கு அது சரியா வரும், முதல் செட்டுக்கு வேணாம்.

7. சுருதி சேக்குறது

நான் சொல்ற அளவு ஆரம்பிக்கிறதுக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். ஊர்ல செய்றவங்க டியூனர் பாக்குறது இல்ல, ஒரு குழாயை இன்னொண்ணோட வச்சு காதால கேட்டு கேட்டு வெட்டுவாங்க, ஒரு ஊர் செட்டும் இன்னொரு ஊர் செட்டும் ஒரே சுருதியில இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் கிடையாது.

உள்நீளம் 80, 71, 63.5, 52.5, 47, 39 சென்டிமீட்டர். அஞ்சு சுரமும், மேல ஒண்ணு முதல் சுரத்தோட மேல் ஸ்தாயியும் வரும். 80 சென்டிமீட்டர் குழாய் 105 ஹெர்ட்ஸ் பக்கமா ஒலிக்கும்.

கவனிச்சீங்கன்னா 80ல பாதி 40, ஆனா நான் 39னு போட்டிருக்கேன். அடி மூடின குழாய்ல அதிர்ற காத்து வாயோட நின்னுடாது, விட்டத்துல பத்துல மூணு பங்கு அளவுக்கு வெளியவும் சேந்து அதிரும். ஆறு சென்டிமீட்டர் விட்டத்துக்கு அது 1.8 சென்டிமீட்டர். அதையும் கூட்டித்தான் பாதி பண்ணணும், சரியா 40க்கு வெட்டினா கொஞ்சம் இறங்கியே நிக்கும்.

அளக்கும்போது வெளிய டேப் வைக்காதீங்க. குச்சியை உள்ள விட்டு அடிக் கணுவைத் தொடுற இடத்துலேர்ந்து வாய் வரைக்கும் அளங்க. வெளிய அளந்தா நாம விட்ட விளிம்பும் கணுவோட தடிமனும் சேந்து கணக்கு தப்பும்.

எப்பவும் நீளமான குழாய்லேர்ந்து ஆரம்பிச்சு சின்னதுக்கு வாங்க. குழாய் குறைய குறைய சுருதி ஏறும், ஏறினதை இறக்க வழியே இல்ல. நீளமானதை தப்பா அதிகமா வெட்டிட்டா அதை ரெண்டாவது குழாயா வச்சுக்கலாம், ரெண்டாவது போனா மூணாவது. சின்னதுலேர்ந்து ஆரம்பிச்சவங்களுக்கு இந்த வசதி இல்ல, வீணானது வீணானதுதான்.

வாய்ப்பக்கம் அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டரா அறுத்து, நெருங்கினதும் உப்புத்தாள்ல தேய்ச்சு கொண்டு வாங்க. டியூனர் சில நேரம் எண் நிக்காம குதிக்கும், போனை வாய்க்குப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு ஒரே சீரா நாலஞ்சு தடவை குத்தினா ஒரு இடத்துல வந்து நிக்கும். கடைசி முடிவை காதுகிட்ட விடுங்க, ஆறையும் வரிசையா குத்தி கேட்டா எது உறுத்துதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

சுருதி முடிஞ்சதும் வாய்க்குக் கீழ ரெண்டு விரல் தள்ளி பிரம்பு நாரால இறுக்கமா சுத்திக் கட்டுங்க. பிளவு முதல்ல ஆரம்பிக்கிற இடம் அதுதான்.

8. பிடிக்கிறதும் குத்துறதும்

வலது கையால குழாயோட நடுவுக்கு கொஞ்சம் மேல தளர்வா பிடிங்க. ஒரு சாண் கூட தூக்க வேணாம், நேரா தூக்கி நேரா விடுங்க, குழாயே தன் கனத்துல விழட்டும். பலமா குத்தினா சத்தம் பெருசாகும்னு நினைப்பாங்க, ஆனா பலமா குத்தினா தரையோட சத்தம்தான் பெருசாகும், குழாய்க்குள்ள இருக்கிற காத்தோட சத்தம் அதுல அமுங்கிடும்.

சாய்ச்சு குத்தாதீங்க, விளிம்பு ஒரு பக்கமா உடையும். சிமென்ட் தரை வேணாம், கெட்டியான மண் தரை இல்லன்னா மரப்பலகை போதும்.

இடது கை வாய்க்கு மேல. கையை எடுத்துட்டு குத்தினா தொறந்த அடி, 'தோங்'. உள்ளங்கையால வாயை மூடிட்டு குத்தினா அமுங்கின அடி, 'தக்'. இந்த ரெண்டு மட்டும்தான் உங்க கையில இருக்கிற எழுத்து. ஒவ்வொருத்தரும் தனியா இது ரெண்டும் தெளிவா பிரிஞ்சு கேக்குற வரைக்கும் பழகுங்க. பாதி மூடின கைதான் பெரிய பிரச்சினை, தோங்கும் வராது தக்கும் வராது, நடுவுல ஒரு மழுங்கின சத்தம் வந்து மத்தவங்க அடியையும் குழப்பும்.

9. நாலு பேர் பின்னல்

கலிங்காவோட தட்டையான வெண்கல காங், அதுக்குப் பேர் காங்சா. அதை மடியில வச்சு கையால தட்டி வாசிக்கிற முறை தோப்பய்யா, அதுக்கும் ஆறு பேர்தான். முதல் நாலு பேரும் ஒரே தாளத்தை ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா தள்ளி தள்ளி ஆரம்பிச்சு வாசிப்பாங்க, அஞ்சாவது ஆள் வேற ஒரு தாளத்தைப் பிடிச்சுக்குவார், ஆறாவது ஆளுக்கு மட்டும் சுதந்திரம். முதல் நாலு பேரோட இடத்துக்கு வரிசையா பல்பல், கதுவா, கத்லோ, கபாத்னு பேர், அஞ்சாவது ஓபோப், ஆறாவது அனுங்கோஸ். மூங்கில்லயும் இதே பின்னல் புத்திதான் ஓடுது, அதனால அந்தப் பேரையே பயிற்சியிலயும் வச்சுக்கலாம், யார் எங்கன்னு சொல்ல வசதியா இருக்கும்.

நாலு எண்ணிக்கை ஒரு சுத்து. பல்பல் ஒண்ணுல தோங், ரெண்டுல தக், மூணு நாலு சும்மா. கதுவா அதையே ஒரு எண்ணிக்கை தள்ளி, ரெண்டுல தோங், மூணுல தக். கத்லோ மூணுல தோங், நாலுல தக். கபாத் நாலுல தோங், அடுத்த சுத்தோட ஒண்ணுல தக்.

சரியா போகுதான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. நீங்க தக் அடிக்கிற அதே கணத்துல உங்களுக்கு அடுத்த ஆளோட தோங் விழணும். ரெண்டும் ஒண்ணா விழுந்தா சரி, கொஞ்சம் முன்னப் பின்ன கேட்டா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் கோளாறு, மத்த ரெண்டு பேரை நிறுத்திட்டு நீங்க ரெண்டு பேர் மட்டும் வாசிச்சு சரி பண்ணுங்க.

ஆரம்பிக்கும்போது நாலு பேரும் ஒண்ணா ஆரம்பிக்காதீங்க. பல்பல் மட்டும் நாலு சுத்து வாசிக்கட்டும், அது ஊன்றினதும் கதுவா, அது ஊன்றினதும் கத்லோன்னு ஒவ்வொருத்தரா நுழையணும். எல்லாரும் ஒண்ணா ஆரம்பிச்சு ஒருத்தர் தப்பு பண்ணினா யார் தப்புன்னு யாருக்கும் தெரியாது, எல்லாரும் தன்னைத்தான் சந்தேகப்படுவாங்க, எல்லாரும் மாத்துவாங்க, அவ்வளவுதான், மொத்தமா கலைஞ்சிடும்.

வாயால ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுறது முதல் நாளைக்கு மட்டும் இருக்கட்டும், அப்புறம் கட்டாயம் விட்டுடுங்க, ஏன்னா எண்ணுற வரைக்கும் காது உங்க எண்ணிக்கையைத்தான் கேக்கும், பக்கத்து ஆள் குழாயைக் கேக்காது. எண்ணுறதை விட்ட உடனே ரெண்டு மூணு தடவை கலையும், பரவாயில்ல, அப்புறம் திடீர்னு ஒரு சுத்துல நாலு குழாயும் சேந்து ஒரு மெட்டு மாதிரி தனியா கேக்க ஆரம்பிக்கும், அந்த மெட்டை நாலு பேர்ல யாருமே தனியா வாசிக்கல. அது காதுல விழுந்துட்டா அதுக்கப்புறம் உங்க அடி எங்க விழணும்னு அந்த மெட்டே சொல்லும்.

வேகம் ஏறுறது எல்லா புதுக் குழுவுக்கும் வர்ற வியாதி. சும்மா இருக்கிற ரெண்டு எண்ணிக்கையை யாரும் முழுசா காத்திருக்க மாட்டாங்க. அந்த ரெண்டு எண்ணிக்கைக்கு மட்டும் முழங்காலை லேசா மடக்கி எழச் சொல்லுங்க, உடம்புக்கு ஒரு வேலை குடுத்தா கை அவசரப்படாது.

10. அஞ்சாவது ஆளும் ஆறாவது ஆளும்

நாலு பேர் பின்னல் கலையாம ஓடுற வரைக்கும் இவங்களை உள்ள விடாதீங்க. ஓபோப் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நடுவுல, அந்த அரை இடத்துல தோங் அடிக்கட்டும், ஒண்ணு-தோங்-ரெண்டு-தோங்னு. மத்த நாலு பேரோட அடியிலயும் அவர் அடி ஒட்டவே கூடாது.

அனுங்கோஸ் சின்னக் குழாய், மேல் சுருதி. குழுவுல காது கூர்மையான ஆளுக்கு இதைக் குடுங்க, கை வேகமான ஆளுக்கு வேணாம். சுதந்திரம் இருக்குன்னு இடைவெளி எல்லாத்தையும் நிரப்பினா கீழ ஓடுற மெட்டு மூடிடும். முதல் மாசம் ரெண்டு சுத்துக்கு மூணு அடிக்கு மேல வேணாம்னு ஒரு கட்டுப்பாடு வச்சா நல்லா வருது.

11. பாட்டை சேக்கிறது

கோர்டில்லேரால கூட்டமா பாடுற சலிதும்மாய்ங்கிற பாட்டு வகை இருக்கு. மெட்டு பழசா இருக்கும், வரியை அந்த அந்த நேரத்துக்கு ஏத்த மாதிரி புதுசா போட்டுப் பாடுவாங்க, திரும்பத் திரும்ப வர்ற ஒரு பல்லவியை எல்லாரும் சேந்து எடுப்பாங்க. மூங்கில் வாத்தியத்தோட சேத்து மேடையில பாடுற குழுக்களும் இப்ப இருக்கு. நாம ஏழாவது படியில வச்ச அஞ்சு சுரமும் இந்த மாதிரி அஞ்சு சுர மெட்டுக்கு ஒத்துப் போகும்.

வாசிக்கிறவங்களே பாடணும்னா முதல்ல பல்லவியை மட்டும் பாடிக்கிட்டே குத்திப் பழகுங்க. பாட ஆரம்பிச்சதும் இடது கை மறந்துபோய் எல்லா அடியும் தொறந்த அடியா மாறிடும், குரல் அதுல முங்கிடும். பாட்டு வரும்போது அனுங்கோஸை நிறுத்திடுங்க, குரலோட உயரத்துக்குக் கிட்ட இருக்கிறது அந்தக் குழாய்தான்.

உல்லலிம் மாதிரி தனி ஆள் பாடுற நீளமான காவியப் பாட்டை இதோட சேக்காதீங்க, அது வேற வித்தை, பெரியவங்ககிட்ட உக்காந்து கத்துக்க வேண்டியது.

12. அடுத்து பாலிங்பிங்

இதே பின்னலை கையில தூக்கிக்கிட்டு நடந்துக்கிட்டே வாசிக்க பாலிங்பிங் இருக்கு. மூங்கிலோட மேல்பாதியில ரெண்டு பக்கமும் சீவி எடுத்துட்டு, எதிரும் புதிருமா ரெண்டு நாக்கு நிக்கிற மாதிரி விட்டிருப்பாங்க. நாக்கு ஆரம்பிக்கிற இடத்துலேர்ந்து கைப்பிடிப் பக்கமா மெல்லிசா ஒரு பிளவு ஓடும், அதுக்கு மேல ஒரு பிரம்பு வளையம். கைப்பிடிக்கிட்ட கட்டை விரலால மூட ஒரு ஓட்டை. நாக்கை இன்னொரு கையோட உள்ளங்கை அடிமேட்டுல தட்டினா ஸ்ஸ்னு ரீங்காரத்தோட சத்தம் வரும், ஓட்டையை மூடினா ஒரு நிறம், தொறந்தா இன்னொரு நிறம், தோங்கும் தக்கும் இங்க அப்படித்தான்.

செய்யும்போது நாக்கை ரெண்டு பக்கமும் ஒரே தடிமனா சீவுறது முக்கியம், ஒண்ணு தடிச்சிருந்தா ரீங்காரம் வராது. பிளவை முதல்லயே நீளமா போட்டுடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா நீட்டி தட்டிப் பாருங்க. வளையத்தை மேல கீழ தள்ளினா சுருதி மாறும், அதனால தோங்காதோங் அளவுக்கு வெட்டுல பயம் வேணாம். விரல்ல அடிக்காதீங்க, உள்ளங்கை மேட்டுலயே படட்டும், விரல்ல அடிச்சா வலி வேற, சத்தமும் சின்னது.

13. வச்சுக்கிற முறை

வாசிச்சு முடிச்சதும் குழாயை கவுத்து வைங்க, உள்ள ஈரமும் குப்பையும் நிக்காது. மாவு மாதிரி பொடி கீழ கொட்டியிருந்தா வண்டு விழுந்திருக்கு, அந்தக் குழாயை உடனே மத்ததுலேர்ந்து பிரிச்சு வைங்க. மழைக்காலம் முடிஞ்சு முதல் தடவை எடுக்கும்போது ஆறையும் வரிசையா குத்தி சுருதி பாருங்க, இறங்கினது மாதிரி தெரிஞ்சா உடனே ரம்பத்தை எடுக்காதீங்க, ரெண்டு மூணு நாள் காத்துல வச்சுட்டு திரும்பக் கேளுங்க. வாய்க்கட்டு தளர்ந்திருந்தா அப்பவே புதுசா சுத்திடுங்க. மயிரிழை பிளவு விழுந்துட்டா மரப்பசை தடவி இறுக்கிக் கட்டினா கொஞ்ச நாள் ஓடும், அடிக் கணுவுலயே கீறல்னா அந்தக் குழாயோட வேலை முடிஞ்சது, புதுசா ஒண்ணு வெட்டி நிழல்ல நிக்க வைங்க.